ஹல்கா ஃபிரேம்

பாறை மேல் சைக்கிள் விடுவது என்று நான் முடிவு செய்தபோது எனக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாறையைப் பற்றித் தெரியும். மௌலாலிப் பக்கத்து ரயில்வே காலனியில் வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? வெயிலில் கொதிக்கும், மழையில் வழுக்கும், டிசம்பர் காலையில் பாதத்தைக் கடிக்கும். காலனியின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஏறத் தொடங்கினால் மேடு, பள்ளம், முள், மணல் ஓடை, மறுபடி மேடு என்று இழுத்துக்கொண்டு போய் மல்லாபூர்த் தொழிற்சாலைகளின் பின்சுவரில் கொண்டுபோய் விடும். ஆடு மேய்ப்பவர்கள் அந்த வழியாகப் போவார்கள். கள்ளுக்குப் போகிறவர்கள் போவார்கள். வேலைக்குப் போக அந்த வழியை யாரும் நினைத்ததில்லை.

நான் நினைத்தேன். நினைக்க வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மல்லாபூரில் ஓர் அரசுத் தொழிற்சாலை, அதில் மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பிரிவு, அதில் நான். நிரந்தரம் இல்லை, தகுதிகாண் காலம். காலையில் சங்கு ஊதும், ஊதி முடித்ததும் கேட் மூடும். எங்கள் பஸ்ஸோ தார்நாகா வரை ஊர்ந்து, அங்கே இன்னொரு பஸ்ஸுக்கு நிற்கவைத்து, அது வந்தால் வந்தது. எத்தனையோ காலைகளில் அந்தச் சங்கை நான் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே கேட்டிருக்கிறேன். ஊரெல்லாம் கேட்கும் சங்கு. எனக்கு மட்டும் என் பெயரைச் சொல்லி ஊதுவது போல் இருக்கும்.

"மள்ளி லேட்டா?" என்பார் சூப்பர்வைசர். மறுபடியுமா என்று தெலுங்கில். ஒருநாள் அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது. மாலையில் கூப்பிட்டு, இப்படியே போனால் நிரந்தரமாக்கச் சொல்லி என்னால் பரிந்துரைக்க முடியாதம்மா என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். மழை வரும்போலிருக்கிறது என்பது போலச் சொன்னார்.

வீட்டில் நைனாவுக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பெட்டி பழுது பார்க்கும் வேலை. ஜோலார்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்தவர், அப்பா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார், நைனா என்றால்தான் திரும்புவார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் நிரந்தரமானால் மல்லாபூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கேட்கலாம். இல்லையென்றால் எங்கள் மூன்று பேருக்கும் இந்த ஊரில் கூரை கிடையாது. இதை யாரும் வீட்டில் உரக்கச் சொல்லவில்லை. சாப்பிடும்போது தட்டில் சோறு மாதிரி எங்கள் எல்லோர் முன்னாலும் அது இருந்தது.

ஆகவே பாறை. ஆகவே சைக்கிள்.

முதலில் ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸக்காவின் லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கினேன். தரையில் அன்னம். பாறையில் ஏறியதும் அதன் இடுப்பு நெளிந்தது. உட்காரும் பக்கம் ஒரு திசை, ஹாண்டில் பக்கம் ஒரு திசை, நடுவில் நான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வழியில் ஓரிடத்தில் பாறை படிப்படியாக உடைந்து நிற்கும். அங்கே எந்தச் சைக்கிளும் ஏறாது, தூக்கித்தான் போக வேண்டும். லேடீஸ் சைக்கிளை எங்கே பிடித்துத் தூக்குவது? பிடித்த இடமெல்லாம் சரிந்தது. பெடல் முழங்காலில் இடித்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் படிகளில் உட்கார்ந்தபோது, ஆண்கள் சைக்கிளின் பார் எதற்காக என்று எனக்குத் திடீரென்று புரிந்துவிட்டது. பிள்ளையை உட்கார வைக்க என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அது தோளுக்கு. அந்த முக்கோணத்துக்குள் கையை விட்டு, பாரைத் தோளில் ஏற்றினால் வண்டி நம்மோடு நடந்துவரும்.

"பார் வெச்ச வண்டியா?" என்றாள் அம்மா. "பொம்பளப் புள்ள அதுல காலத் தூக்கிப் போட்டா காலனியே வாசல்ல வந்து நிக்கும்."

"நிக்கட்டும்மா. வழி விட்டு நிக்கச் சொல்லு."

"வாயப் பாரு. இவள எவன் கட்டுவான்?"

"மொதல்ல ஃபிரேம் கட்டிக்கறேன். மத்தத அப்புறம் பார்ப்போம்."

எங்களுக்கு வேண்டியது முழுச் சைக்கிள் இல்லை. முழுச் சைக்கிள் எங்கள் கைக்கு எட்டாது. நைனாவின் பழைய வண்டி ஒன்று பின்கட்டில் கிடந்தது. ஃபிரேம் துருவேறி எப்போதோ இற்றுப்போயிருந்தது, சக்கரங்களும் செயினும் ஹாண்டிலும் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தன. அவற்றை மாட்ட ஓர் எலும்புக்கூடு வேண்டும். கியர் என்ற பேச்செல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. ஒரே செயின், ஒரே வேகம். மேடு வந்தால் எழுந்து நின்று மிதி. அதற்கும் மேல் மேடு வந்தால் இறங்கித் தூக்கு. தூக்க வேண்டுமென்றால் அது என் தோள் தாங்குவதாக இருக்க வேண்டும். அது மட்டும்தான் என் நிபந்தனை.

செகந்திராபாத்தில் பழைய சைக்கிள் சாமான் விற்கும் சந்துக்கு நானே போகிறேன் என்றேன். நைனா விடவில்லை.

"நீ போனா தலையில கட்டிடுவான். நான் போறன். எனக்கு இரும்பத் தெரியும்."

"பார் வெச்சது, நைனா. என் ஒசரத்துக்கு. அல்காவா இருக்கணும். அத மட்டும் மறந்துடாத."

"அல்காதான? சொல்லிட்ட இல்ல, வுடு."

அல்கா. எங்கள் வீட்டுச் சொல். ஒரு கையால் சுலபமாகத் தூக்கிவிட்டால், அல்காவா தூக்கிட்டான் என்பார் நைனா. ஜோலார்பேட்டை பிளாட்பாரத்திலிருந்து அவரோடு வந்த சொல். அது அதற்குமுன் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

சாயங்காலம் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஃபிரேமைத் தோளில் போட்டுக்கொண்டு காலனிக்குள் வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் வெற்றி. ஃபிரேம் பச்சை நிறம். ஈரம் காயாதது போன்ற பளபளப்பு. நான் வாங்கித் தூக்கினேன். தூக்க முடியவில்லை என்று சொல்லமாட்டேன். தூக்கினேன். கை கேட்டது, இது என்ன என்று.

"நைனா, இது கனமா இருக்கே?"

"புதுசுல அப்பிடித்தான் இருக்கும்."

"இரும்பு பழசானா எளச்சிடுமா?"

"இன்னா பாப்பா நீ? கேட்டத வாங்கினு வந்துகிறன். அல்கா வோணும்னன். குடுத்தான். வெல கூட அல்கா." உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அதுவுமில்லாம இரும்புன்னா கொஞ்சம் கனம் இருக்கணும். கனம் இல்லாதது தகரம்."

ரயில்பெட்டியோடு வாழ்ந்த மனிதர். எடைதான் அவருக்கு நம்பிக்கை. அசையாததுதான் நல்லது. நானோ அசையாமல் இருக்கவே தெரியாதவள். நல்ல ஜோடி.

மாட்டினோம். ஓட்டினேன். பத்து நாள் இருக்கும். தூக்குகிற இடத்தில் ஒவ்வொரு காலையும் என் தோள் எரிந்தது. இருந்தும் சங்குக்கு முன்னால் போய்விடுவேன், அதுவே போதும் என்றிருந்தேன். பிறகு ஒரு காலை, மணல் ஓடையில் இறங்கும்போது முன்னால் 'டக்' என்றது. சத்தம் சின்னதுதான். ஹாண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் மூட்டு பிளந்து, பச்சைப் பெயிண்டின் உள்ளே மாவுபோல ஏதோ உதிர்ந்தது. ஓட்டையை மாவால் அடைத்து மேலே வர்ணம் பூசியிருக்கிறார்கள். முன்சக்கரம் தனியே ஒரு பக்கம் தலைசாய்த்துக்கொண்டது. அதைத் தள்ளிக்கொண்டு, பாதி சுமந்துகொண்டு நடந்தேன். பாறைக்கு மேல் நிற்கும்போது கீழே சங்கு ஊதியது. அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். அது மூடுவதை முதல்முறை மேலேயிருந்து பார்த்தேன். மெதுவாகத்தான் மூடுகிறது.

"இதுதான் கடைசி," என்றார் சூப்பர்வைசர். அன்றைக்கு அவர் தெலுங்கில் பேசவில்லை, ஆங்கிலத்தில் சொன்னார். அது இன்னும் தூரமாகக் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நைனா பின்னாலேயே வந்தார். வீட்டுக்குப் போய் உடைந்த பச்சை ஃபிரேமை எடுத்துக்கொண்டோம். ஒரு முனையில் அவர், ஒரு முனையில் நான். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடப் பார்த்தார்.

கடை என்றால் ஒரு சந்தும் அதன் இரண்டு சுவர்களும்தான். ஆணிக்கு ஒன்றாக ஃபிரேம்கள் தொங்கின, கசாப்புக்கடையில் விலா எலும்பு தொங்குவதுபோல. கடைக்காரர் ஒல்லியானவர், வெற்றிலைச் சிவப்பு உதடு, மடியில் ஒரு பூனை. நாங்கள் பேசியது எல்லாம் இந்த ஊர் உருதுவான தக்னியில். பெரும்பகுதியைத் தமிழில் தருகிறேன், ஒரு சொல்லை மட்டும் இருந்தபடி விட்டு.

நைனா ஃபிரேமை அவர் காலடியில் போட்டார். பூனை ஓடியது.

"என் மகள் கழுத்து முறிஞ்சிருக்கும்!"

கடைக்காரர் குனிந்து பிளவைப் பார்த்தார். நிமிர்ந்து நைனாவைப் பார்த்தார். "நீங்கள்தானே ஹல்கா கேட்டீர்கள்?"

"ஆமாம். கேட்டேன்."

"நான் திருப்பிக் கேட்டேனா இல்லையா? ஹல்காவேதான் வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்றீர்கள். பெரியவரே, நல்லது காட்டட்டுமா என்றேன். வேண்டாம், ஹல்காதான் என்றீர்கள். விலையைக் கேட்டதும் சிரித்தீர்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நல்ல மால் கேட்பார்கள். ஹல்கா மால்தான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட முதல் ஆள் நீங்கள். நேர்மையான மனிதர் என்று நினைத்தேன்."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. எடை இல்லாததும் ஹல்காதான். தரம் இல்லாததும் ஹல்காதான். இதே ஊரில் பிறந்து, தெருவில் தினமும் இரண்டு அர்த்தத்திலும் கேட்டு வளர்ந்தவள் நான். வீட்டுக்குள் அது அல்காவாகிவிட்டதால் என் காதில் ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை. நைனா ஒரே சொல்லைக் கொடுத்தார். அவருக்குத் தரமில்லாததில் ஆகக் கனமானது கிடைத்தது.

"கனம் கம்மி என்று சொல்லியிருக்கலாமே," என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "மாவு வைத்து அடைத்தது நான் இல்லை. எனக்கு வந்தபோதே பச்சையாகத்தான் வந்தது."

"தெரிஞ்சி வித்த இல்ல?" என்றார் நைனா தமிழிலேயே. கடைக்காரர் அதைப் புரிந்துகொள்ளாதவர் போல் பூனையைத் தேடினார். புரிந்திருக்கும்.

நான் நடுவில் புகுந்தேன். நாளைக் காலை சங்கு இருக்கிறது, சண்டைக்கு நேரமில்லை. "எனக்குக் கனம் இல்லாததும் வேண்டும், உடையாததும் வேண்டும்," என்றேன்.

"வேலையும் சர்க்கார் வேலையாக இருக்க வேண்டும், மதியம் தூங்கவும் வேண்டும் என்பதுபோலவா?"

"தூங்குகிற பிரிவு வேறு, பாய். நான் காயில் பிரிவு."

அவர் சிரித்து, கையால் சுவரைக் காட்டினார். எடுத்துக்கொள் என்பதுபோல. சொல் போதும் என்று நானும் நினைத்தேன். இனி கை.

ஒவ்வொன்றாக இறக்கினேன். நைனா நேராகப் போய் இரட்டைப் பார் வைத்த ஒன்றின் முன் நின்றார். பால்காரர்கள் நாலு கேன் மாட்டுவது. "இத பாரு பாப்பா. யான ஏறலாம்."

"யானைய யாரு தூக்குவா, நைனா?"

தூக்கினேன், விட்டேன். தோளில் போட்டேன், இறக்கினேன். சிலவற்றில் என் தோளும் கழுத்தும் முக்கோணத்துக்குள் தொலைந்துபோயின, உயரமான ஆண்களுக்கானவை. பெயிண்டை நம்புவதில்லை என்று பச்சை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஒவ்வொரு மூட்டையும் நகத்தால் சுரண்டினேன். முன்குழாய்க்குப் பின்னால் விரலை ஓடவிட்டேன். எங்கேயாவது மோதியிருந்தால் அங்கேதான் தோல் சுருங்கியதுபோல் சின்ன அலை தட்டும். வீட்டுச் சாவியால் குழாய்களைத் தட்டினேன். உள்ளே துரு தின்றிருந்தால் சத்தம் கரகரத்து அடங்கும். நல்ல குழாய் கொஞ்ச நேரம் பேசும். நாள் முழுதும் செம்புக் கம்பியைச் சுற்றி, ஒரு சுற்று தளர்ந்தாலும் விரலிலேயே தெரிந்துகொள்ளும் வேலை என்னுடையது. அந்த விரல்களைக் கொண்டுவந்திருந்தேன், வேறொன்றும் இல்லை.

சந்தின் கடைசியில், தகரக் கதவுக்குப் பின்னால் தலைகீழாக ஒன்று தொங்கியது. பெயிண்ட் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. பழுப்பு. சின்னது. பார் இருந்தது. எடுத்தேன், எடுத்த வேகத்தில் என் கை தலைக்குமேல் போய்விட்டது. அத்தனை கனத்தை எதிர்பார்த்திருந்த கை.

"அது யாருக்கும் ஆகாதது," என்றார் கடைக்காரர். "ஆண்களுக்குக் குள்ளம். பெண்கள் பாரைப் பார்த்ததும் போய்விடுவார்கள். என் வாப்பா காலத்திலிருந்து தொங்குகிறது."

ஆண்களுக்குக் குள்ளம், பெண்களுக்குப் பார். என் மனம் துள்ளியது. இத்தனை காலம் ஏன் தொங்குகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இரும்பில் குற்றம் இல்லை, ஆள் வரவில்லை. அவ்வளவுதான். தட்டினேன். பேசியது. தோளில் மாட்டினேன். என் தோள் எலும்புக்கும் கழுத்துக்கும் நடுவில், சொல்லி வைத்ததுபோல் வந்து உட்கார்ந்தது.

"வெறும் துரு," என்றார் நைனா. "பாப்பா, இது உன்ன நடு வழியில இறக்கி உட்டுடும்."

"மேல்துரு. சொரண்டிப் பாரு. உள்ள வெள்ளையா இருக்கு."

"கனமே இல்லையே!"

"அதுக்குத்தான நைனா நான் சாவறேன்!"

என் குரல் சந்து முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். எதிர்க்கடையில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நைனாவும் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் சணல் நூல் கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினார். வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடு என்று அர்த்தம். பின்சக்கரம் மாட்டும் முனையில் ஒரு தலைப்பைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி இழுத்து, மறுமுனையில் கொண்டுவந்து கட்டினேன். நூலுக்கும் நடுக்குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். ஒரு பக்கம் என் சுண்டுவிரல் சரியாக நுழைந்தது. மறுபக்கம் கொஞ்சம் இடித்தது.

"கோணல்!" என்றார் நைனா, ஏறக்குறைய சந்தோஷமாக.

"நகத்தளவு. நானும் ஒரு பக்கம் சாஞ்சிதான் நடக்கறேன். ரெண்டும் சேந்தா நேராயிடும்."

அவர் ஃபிரேமை என் தோளிலிருந்து வாங்கினார். குறை கண்டுபிடிக்கத்தான் வாங்கினார், அது முகத்தில் தெரிந்தது. தூக்கினார். சுண்டுவிரலில் மாட்டித் தூக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அல்காதான்," என்றார்.

கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மறுபடியும் அந்தச் சொல்லா!"

பச்சை ஃபிரேமைப் பழைய இரும்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தராசில் போட்டபோது முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நைனாவின் முகம் மலர்ந்தது. புதிய ஃபிரேமின் விலையில் ஒரு நல்ல பங்கை அந்தக் கனமே கட்டிவிட்டது. "பாத்தியா? கனத்துக்கு மரியாத உண்டு," என்றார். மறுக்கவில்லை. கையில் மிஞ்சிய காசுக்குப் பின்சக்கரத்தில் போட இன்னும் கொஞ்சம் பெரிய பல்சக்கரம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். வேகம் குறையும், மேடு லேசாகும்.

பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்தோம். நைனா மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் தேய்த்தார். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பெயிண்ட் அடிக்கவா என்று நைனா கேட்டதற்கு, வேண்டாம், பிளந்தால் எனக்கு உடனே தெரிய வேண்டும் என்றேன்.

திங்கட்கிழமை. விடிகாலையில் தூறல் போட்டு விட்டிருந்தது. பாறை கறுத்து, சில இடங்களில் கண்ணாடி. இன்றைக்கு பஸ்ஸில் போ என்றாள் அம்மா. பஸ்ஸில் போனால் இன்றைக்குப் போகலாம்; நாளைக்கு? காலைத் தூக்கிப் போட்டு ஏறினேன். கடைசி வரிசை வீடுகளில் இரண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்ததென்னவோ உண்மை. வழி விட்டுத்தான் நின்றார்கள்.

முதல் மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். லேடீஸ் சைக்கிள் நெளிந்த இடத்தில் இது நெளியவில்லை. பச்சை முனகிய இடத்தில் இது முனகவில்லை. மிதித்த மிதி அப்படியே பாறைக்குப் போனது. மணல் ஓடையில் பின்சக்கரம் ஒருமுறை சறுக்கி மறுபடி பிடித்துக்கொண்டது. படிகளாக உடைந்த இடம் வந்தது. இறங்கினேன், முக்கோணத்துக்குள் கையை விட்டேன், ஏற்றினேன், ஏறினேன். ஈரப் பாறையில் கால் வழுக்கும்போதெல்லாம் வண்டி என்னைக் கீழே இழுக்கவில்லை. அது போதும் எனக்கு. மூச்சு வாங்கியது. நிற்க மாட்டேன், நிற்க மாட்டேன் என்று ஒவ்வொரு மிதிக்கும் சொல்லிக்கொண்டேன். உரக்கவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆடுகள் விலகின.

உச்சியில் நின்று பார்த்தேன். கேட் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் இன்னும் தொப்பிகூடப் போடவில்லை.

அன்றைக்குச் சங்கை உள்ளேயிருந்து கேட்டேன். என் இடத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, முதல் காயிலின் கம்பியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஊதியது. உள்ளேயிருந்து கேட்டால் அது வேறு சத்தம். சூப்பர்வைசர் என் பக்கம் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாளும் அப்படியே போனார். மழைக்காலம் முழுக்க அப்படியே போனார். ஒரு காலையில்கூட அவருக்கு நான் ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்கவில்லை.

நிரந்தரமானேன். நைனா ஓய்வு பெற்ற அந்த வசந்தத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கேட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். இனி எனக்குப் பாறை வேண்டியதில்லை. பஸ்ஸும் வேண்டியதில்லை. சங்குக்குச் சற்று முன்னால் செருப்பை மாட்டினால்கூடப் போதும். இவ்வளவு பாடுபட்டு எந்த வழியைக் கைப்பற்றினேனோ அந்த வழி எனக்குத் தேவையில்லாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஃபிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எங்க?" என்றாள் அம்மா.

"பாறைக்கு."

"அங்க இன்னா வேல உனக்கு? கைக்கு போற?" இந்த ஊரில் வாழ்ந்த வருஷங்களில் அம்மா எடுத்துக்கொண்ட ஒரே தக்னிச் சொல் அதுதான். ஏன் என்று கேட்க அவளுக்கு அது வேண்டியிருந்தது. என்னைப் பெற்றதனால் இருக்கலாம்.

"வேல ஒண்ணும் இல்லம்மா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு கமீஸைக் கொண்டுவந்து என்மேல் போட்டாள். "இதப் போட்டுகினு போ. மத்ததெல்லாம் கிழிஞ்சிகினு கெடக்குது."

போட்டுக்கொண்டேன். இடது தோளில், பார் உட்காரும் இடத்தில், பழைய சேலைத் துணியை நாலாக மடித்து உள்ளே வைத்துத் தைத்திருந்தாள்.